தொடக்கப் பள்ளி நூலகப் பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொடக்கப் பள்ளி நூலகத்தில் புதிதாகப் பொறுப்பேற்பவர்களும், அந்தப் பணிக்கு வரலாமா என்று யோசிப்பவர்களும், தம் பிள்ளைகள் எடுத்துவரும் புத்தகங்களைப் பார்த்து ஐயம் கொள்ளும் பெற்றோரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். ஐந்து முதல் பதினொரு வயது வரையுள்ள குழந்தைகள் வந்துபோகும் நூலகத்தை மனத்தில் வைத்தே இவை எழுதப்பட்டுள்ளன. பெரிய பிள்ளைகளின் நூலகத்துக்கு இவற்றுள் சில பொருந்தமாட்டா.

ஒரு வேலை நாள் எப்படிப் போகும்?

பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். முந்தைய நாள் மாலையில் திரும்பி வந்து பெட்டியில் கிடக்கும் புத்தகங்களைப் பதிவில் வரவு வைத்து, ஒவ்வொன்றையும் ஒருமுறை புரட்டிப் பார்த்த பிறகே அடுக்குக்குக் கொண்டுபோக வேண்டும். உள்ளே யாரோ ஒருவரின் வீட்டுப்பாடத் தாள் இருக்கலாம்; ஒரு பக்கம் தையலிலிருந்து கழன்று நிற்கலாம்; தண்ணீர்ப் புட்டியோடு ஒரே பையில் பயணம் செய்ததால் ஓரம் ஈரமாக இருக்கலாம். இந்த ஒரு நிமிடப் பார்வையைத் தவறவிட்டால், அடுத்துவரும் குழந்தையின் கையில்தான் அந்தப் பக்கம் உதிரும்.

பிறகு வகுப்புகள் வரிசையாக வரும். ஒரு வகுப்புக்கு நாற்பது நிமிடம் கிடைத்தால் அதில் திருப்பித் தருவதற்குச் சிறிது நேரம், கதை வாசிப்புக்குப் பத்து நிமிடம், மீதி முழுவதும் குழந்தைகள் தாமே தேடி எடுப்பதற்கு என்று பிரித்துக்கொள்வது நல்லது. கதை நீண்டுபோய், கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லோரும் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்படி ஆவது பல நூலகங்களில் நடக்கிறது. தேடுவதற்கு நேரம் இல்லாத குழந்தைக்குத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் வருவதேயில்லை.

இடைவேளை நேரத்தைப் பூட்டிய கதவோடு கழிக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். வகுப்பாகக் கூட்டிவரப்படாமல் தன் விருப்பத்தால் ஒரு குழந்தை உள்ளே நுழையும் நேரம் அதுதான். பிற்பகலில் புதிய புத்தகங்களுக்குச் சேர்க்கை எண் (பதிவேட்டில் அந்தப் புத்தகத்துக்குரிய எண்) எழுதி, முத்திரையிட்டு, பார்கோடு ஒட்டி, முதுகில் லேபிள் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் உறை போடும் வேலை இருக்கும். அடுத்த வாரம் நீர்ச் சுழற்சி பற்றிப் பாடம் நடத்தப்போகும் ஆசிரியருக்காக அது தொடர்பான புத்தகங்களைப் பொறுக்கி ஒரு கூடையில் சேர்த்து வைக்கும் வேலையும் அதோடு சேரும். நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் பணி என்று நினைத்து வருபவர்கள், கீழ்த்தட்டுகளுக்காக எத்தனை முறை மண்டியிட வேண்டியிருக்கிறது என்பதை முதல் வாரத்திலேயே உணர்ந்துவிடுவார்கள்.

சிறு குழந்தைகளுக்கு வகைப்பாட்டு எண்கள் புரியுமா? புத்தகங்களை எப்படி அடுக்குவது?

மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசம வகைப்பாடு அறிவுத்துறைகள் அனைத்தையும் 000 முதல் 999 வரை பத்துப் பெரும் பிரிவுகளாகப் பிரிக்கிறது. பல பள்ளி நூலகங்களில் கதையல்லாத புத்தகங்கள் இம்முறையில்தான் அடுக்கப்படுகின்றன. தசமப் புள்ளியை வகுப்பில் இன்னும் படிக்காத ஏழு வயதுக் குழந்தைக்கு முழு எண்ணும் புரியாது என்பது உண்மை. ஆனால் அந்தக் குழந்தைக்கு முழு எண்ணும் தேவையில்லை. டைனோசர் 567.9-இல் இருக்கிறது, வளர்ப்புப் பிராணிகள் 636-இல் இருக்கின்றன, கோள்கள் 523-இல் இருக்கின்றன, விளையாட்டு 796-இல் இருக்கிறது, நாட்டுப்புறக் கதைகள் 398.2-இல் இருக்கின்றன என்று தனக்கு வேண்டிய இரண்டு மூன்று முகவரிகளைக் குழந்தைகள் வியக்கத்தக்க வேகத்தில் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். எண்ணோடு ஒரு படமும் தட்டின் விளிம்பில் ஒட்டப்பட்டிருந்தால், வாசிக்கத் தொடங்காத குழந்தையும் வழி கண்டுகொள்ளும்.

சிறிய நூலகங்களில் முழு எண்ணை விட்டுவிட்டு நூறுகளையும் பத்துகளையும் மட்டும் லேபிளில் எழுதி, ஒவ்வொரு பெரும் பிரிவுக்கும் ஒரு நிறம் கொடுத்தால் போதும். கதைப் புத்தகங்களை ஆசிரியர் பெயரின் முதலெழுத்துப்படி வைக்கலாம். படக்கதைப் புத்தகங்களுக்கு மட்டும் இந்த ஒழுங்குகள் எதுவும் வேண்டாம். அவற்றை முதுகு தெரியும்படி அடுக்குவது வீண். மெலிந்த அந்த முதுகில் எழுத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. குழந்தையின் இடுப்புயரத்துக்கு மேல் போகாத திறந்த பெட்டிகளில், அட்டைகள் முன்னோக்கித் தெரியும்படி நிறுத்தினால், குழந்தைகள் நின்ற இடத்திலிருந்தே ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள்.

எந்தத் தட்டையும் முழுதாக நிரப்பாதீர்கள். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பினால் போதும். இறுக்கமாகச் செருகிய புத்தகத்தைக் குழந்தை அதன் முதுகின் மேல்நுனியைப் பிடித்து இழுக்கும். புத்தகங்கள் முதலில் கிழிவது அந்த இடத்தில்தான். பார்த்த புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைக்க, ஒரு நீண்ட அட்டைத் துண்டையோ அடிக்கோலையோ அந்த இடைவெளியில் செருகி வைக்கக் கற்றுக்கொடுங்கள். அப்படியும் எங்கே வைப்பது என்று தெரியாத குழந்தை அதை ஒரு தனிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகட்டும். தவறான இடத்தில் செருகப்பட்ட புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம்.

குழந்தையின் வாசிப்பு நிலைக்கு ஏற்ற புத்தகத்தை மட்டும்தான் கொடுக்க வேண்டுமா?

வகுப்பறையில் வாசிப்புப் பயிற்சிக்காக நிலை பார்த்துப் புத்தகம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. நூலகத்தில் அந்தக் காரணம் பொருந்தாது. ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கி, ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம் என்று குழந்தையே தீர்மானிக்கும் ஐந்து விரல் முறையைக் கற்றுக்கொடுக்கலாம். ஆனால் அது குழந்தையின் கையில் இருக்கும் அளவுகோல். நூலகர் தடுப்பதற்கான கருவி அன்று. எரிமலை பற்றிய கனத்த புத்தகத்தை ஒரு முதல் வகுப்புக் குழந்தை படங்களுக்காக மட்டுமே எடுத்துச் சென்றாலும், அதுவும் வாசிப்புதான். மூத்த வகுப்பில் படிக்கும் குழந்தை படக்கதை எடுத்தால் "இது சின்னப் பிள்ளைகளுக்கு" என்று மற்றவர் காதில் விழும்படி சொல்லிவிடக் கூடாது. அதற்குப் பிறகு அந்தக் குழந்தை படிக்க முடியாத தடித்த புத்தகத்தைச் சுமந்துபோய், திறக்காமலே திருப்பிக்கொண்டு வரும்.

ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கும் குழந்தையை என்ன செய்வது?

எடுக்க விடுங்கள். வேறு யாரும் அதற்காகக் காத்திருந்தால் மட்டும் ஒரு முறை மாறிக்கொள்ளச் சொல்லுங்கள்.

"எனக்குப் படிக்கப் பிடிக்காது" என்று சொல்லும் குழந்தைக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது?

முதலில் புத்தகம் எதையும் நீட்டாமல் இருப்பது நல்லது. அந்தக் குழந்தை வாசிக்கச் சிரமப்படுகிறதா, வாசிக்க முடிந்தும் இதுவரை பிடித்தது கிடைக்கவில்லையா என்பதைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வழி வேறு. சிரமப்படும் குழந்தைக்கு எழுத்து பெரிதாகவும், வரிகளுக்கிடையே இடைவெளி தாராளமாகவும், அத்தியாயம் குறுகியதாகவும் உள்ள புத்தகங்கள் உதவும். ஒலிப்புத்தகத்தைக் கேட்டுக்கொண்டே அச்சுப் புத்தகத்தில் கண்ணோட்டுவது இன்னும் உதவும். எழுத்துகள் குழம்புகின்றன என்றோ வரி தாண்டிப் போகின்றன என்றோ குழந்தை சொன்னால் வகுப்பாசிரியரிடம் தெரிவியுங்கள். பார்வைக் குறையோ வாசிப்புக் குறைபாடோ முதலில் நூலகத்தில் கண்ணில் படுவது உண்டு.

பிடித்தது கிடைக்காத குழந்தையிடம் "என்ன கதை பிடிக்கும்?" என்று கேட்டால் தோளைக் குலுக்கும். பள்ளி விட்டு வீட்டுக்குப் போனதும் என்ன செய்வாய் என்று கேளுங்கள். பந்து விளையாட்டு, பூச்சி பிடிப்பது, ரயில் படம் வரைவது, தம்பியோடு சண்டை போடுவது என்று ஏதாவது ஒன்று வெளிவரும். அதிலிருந்து மூன்று புத்தகங்களை எடுத்து மேசைமேல் பரப்பி வைத்துவிட்டு, அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் குழந்தை உங்களுக்காக எடுக்கும், தனக்காக எடுக்காது. சாதனைப் பட்டியல்கள், விடுகதைகள், காமிக்ஸ், காகித மடிப்பு, சதுரங்கம் எல்லாமே வாசிப்புக்குள் அடங்கும். கதையைத்தான் படிக்க வேண்டும் என்று பெரியவர்கள் நினைப்பதால் ஒதுங்கிப்போன குழந்தைகள் நிறையப் பேர்.

கதையைச் சத்தமாக வாசிக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

புத்தகத்தை முந்தைய நாளே ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். படக்கதைப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம் கொண்டவை. நிதானமாக வாசித்தால் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள். வெளிச்சம் குழந்தைகளின் கண்ணில் அடித்தால் படம் கறுத்துத் தெரியும். வெற்றுச் சுவர் உங்களுக்குப் பின்னால் இருக்கட்டும். புத்தகத்தைத் தோளுக்குப் பக்கவாட்டில், பக்கங்கள் குழந்தைகளை நோக்கியிருக்கும்படி, கீழ் விளிம்பின் நடுவில் ஒரு கையால் பிடித்தால், தலையைச் சற்றே திருப்பி வாசிக்கலாம். விரல்கள் படத்தை மறைக்கா. வாசித்து முடித்ததும் உடனே பக்கத்தைத் திருப்பக் கூடாது. குழந்தைகள் எழுத்தைக் கேட்டு முடித்த பிறகுதான் படத்தைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். எழுத்தில் சொல்லாத ஒரு பூனை படத்தின் மூலையில் ஒளிந்திருப்பதை நீங்கள் காணுமுன் அவர்கள் கண்டுவிடுவார்கள்; அதைச் சொல்ல அவர்களுக்கு இரண்டு மூச்சு நேரம் வேண்டும்.

ஒவ்வொரு கதைக்குப் பிறகும் கேள்வி கேட்டுச் சோதிக்க வேண்டாம். கதை முடிந்ததும் அந்தப் புத்தகத்தை யாராவது உடனே எடுத்துச் செல்லலாம் என்று சொல்லுங்கள். கைகள் உயர்வதிலிருந்து அது எட்டியதா என்று தெரிந்துவிடும்.

நூலகத்தில் முழு அமைதி வேண்டுமா?

வேண்டியதில்லை. இரண்டு பேர் ஒரே புத்தகத்தின்மேல் குனிந்து பேசிக்கொள்வது வேலை நடப்பதன் அடையாளம். ஓடுவதையும் கத்துவதையும் மட்டும் தடுத்து, தனியாக இருக்க விரும்பும் குழந்தைக்கு ஒரு மூலையை ஒதுக்கிவைத்தால் போதும்.

புத்தகத்தைத் தாமதமாகத் தந்தால் அபராதம் வாங்கலாமா? தொலைத்துவிட்டால்?

இந்தக் கேள்வியில் என் நிலைப்பாடு தெளிவானது: தொடக்கப் பள்ளிக் குழந்தையிடம் அபராதம் வாங்கக் கூடாது, தாமதத்தைக் காரணம் காட்டி அடுத்த புத்தகத்தை மறுக்கவும் கூடாது. அந்த வயதில் புத்தகம் தாமதமாவதற்குக் குழந்தை மட்டும் காரணமாக இருப்பது அரிது. வீடு மாறியிருக்கலாம், வாரத்தின் பாதி நாளைத் தாத்தா வீட்டில் கழிக்கலாம், தங்கை எங்கோ ஒளித்திருக்கலாம். அபராதத்துக்கு அஞ்சும் வீடு பிள்ளையிடம் "இனிமேல் புத்தகம் எடுத்து வராதே" என்றுதான் சொல்லும். புத்தகம் அதிகம் தேவைப்படும் வீடு அதுவாகவே இருக்கும்.

எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது. பாதுகாப்பதற்காகவே பூட்டிவைக்கப்பட்ட அலமாரிகள் பள்ளிகளில் இன்றும் இருக்கின்றன. அவற்றில் ஒரு புத்தகமும் தொலையாது. ஒருவரும் படிக்கவும் மாட்டார். ஆண்டுதோறும் சில புத்தகங்கள் தொலையும் என்பதைச் செலவுக் கணக்கிலேயே சேர்த்து, அதைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அந்தப் பேச்சு நடக்காத இடத்தில்தான், தொலைந்த புத்தகத்துக்கு நூலகர் தம் பணத்தைக் கட்டவேண்டுமோ என்று அஞ்சி, இரவல் கொடுப்பதையே குறைத்துவிடுகிறார்.

நினைவூட்டல் அனுப்புங்கள்; அதை அன்பான மொழியில் எழுதுங்கள். குழந்தையின் பெயரைப் பலகையில் எழுதி வைப்பதும் வகுப்பின் முன் படிப்பதும் வேண்டாம். இரண்டு புத்தகம் எடுக்கலாம் என்ற வகுப்பில், ஒன்று நிலுவையில் இருந்தால் இன்னொன்று எடுக்கலாம். இரண்டும் நிலுவை என்றால் நூலகத்திலேயே இருந்து படிக்கலாம், கண்டுபிடிக்கும் வரை மூன்றாவதாக ஒன்றும் கொடுக்கலாம். பெற்றோர் தாமாக முன்வந்து ஈடு செய்ய விரும்பினால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கிழிந்த புத்தகத்தை எப்படிச் சரிசெய்வது?

முதல் விதி, சாதாரண செல்லோ டேப்பை ஒட்டக் கூடாது. சில ஆண்டுகளில் அது மஞ்சளாகி, பசை ஓரங்களில் கசிந்து அடுத்த பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும்; உரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும். வீட்டில் டேப் ஒட்டிக் கொண்டுவரும் பெற்றோரிடம், கிழிந்தால் அப்படியே கொண்டுவாருங்கள் என்று ஆண்டின் தொடக்கத்திலேயே சொல்லிவைப்பது பயன் தரும்.

கழன்ற பக்கத்துக்கு, காய்ந்த பிறகும் வளையும் தன்மையுள்ள பிவிஏ வெள்ளைப் பசை ஏற்றது. பக்கத்தின் உள்விளிம்பில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும் மெல்லிய தூரிகையால் தடவி, பிணைப்பின் அடிவரை செருகி, இரண்டு பக்கமும் மெழுகுத்தாள் வைத்து மூடி, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். அட்டையும் உட்பகுதியும் சேருமிடம் தளர்ந்து ஆடினால், ஒரு நீண்ட பின்னல் ஊசியைப் பசையில் தோய்த்து, முதுகுக்குள் தெரியும் இடைவெளி வழியாக மேலிருந்து கீழே செலுத்தி, மெல்லச் சுழற்றி எடுங்கள். பசை வேண்டிய இடத்தில் மட்டும் படியும். இந்த ஒரு பழுதைத் தொடக்கத்திலேயே சரிசெய்தால் புத்தகத்தின் ஆயுள் பல ஆண்டு கூடும்.

நனைந்த புத்தகத்தில் நேரம் முக்கியம். இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். நிமிர்த்தி, பக்கங்களை விசிறிபோல் விரித்து, உறிஞ்சுதாளை இடையிடையே வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் தாள் நெளியும். வழவழப்பான தாளில் அச்சான படப்புத்தகங்களின் பக்கங்கள் உலரும்போது ஒன்றோடொன்று ஒட்டிப்போகும் என்பதால் அவற்றை முதலில் கவனியுங்கள். பூஞ்சை பிடித்துவிட்ட புத்தகத்தைத் தயங்காமல் நீக்குங்கள். அது மற்றவற்றுக்கும் பரவும், குழந்தைகளின் மூச்சுக்கும் கேடு.

நல்ல நிலையிலுள்ள புத்தகத்தையும் நீக்க வேண்டியிருக்குமா?

ஆம். பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2006-இல் புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தியது. ஒன்பது கோள்கள் என்று சொல்லும் புத்தகம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அதைத் தட்டில் விட்டுவைத்தால் குழந்தை நம்பிவிடும். அறிவியல், தொழில்நுட்பம், நாடுகள், வரைபடங்கள் ஆகிய பிரிவுகளை ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். ஒவ்வொரு பதிப்பையும் அடையாளம் காட்டும் பன்னாட்டுத் தர நூல் எண்ணான ஐ.எஸ்.பி.என். 2007-ஆம் ஆண்டிலிருந்து 13 இலக்கமாயிற்று. பத்து இலக்க எண் மட்டும் உள்ள பதிப்பு பெரும்பாலும் அதற்கு முற்பட்டது என்பதால், கையிலெடுத்ததும் பழமையை அறிய அது ஒரு குறுக்குவழி. நாட்டுப்புறக் கதைகளுக்கும் கவிதைகளுக்கும் வயது ஒரு குறையன்று.

மூன்று நான்கு ஆண்டுகளாக யாரும் தொடாத புத்தகத்தை உடனே தள்ளிவிடாமல், முதலில் அட்டை தெரியும்படி கண் மட்டத்தில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். நீக்கும் ஒவ்வொன்றையும் சேர்க்கைப் பதிவேட்டில் தேதியும் காரணமும் எழுதி, உரிய ஒப்புதலோடு நீக்குங்கள்.

நன்கொடையாக வரும் புத்தகங்களை அப்படியே ஏற்கலாமா?

நன்றி சொல்லி வாங்குங்கள். பொருந்தாதவற்றை வேறிடத்துக்குக் கொடுக்கும் உரிமை நூலகத்துக்கு உண்டு என்பதை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். பழைய பாடநூல்களும் விடை எழுதி நிரப்பிய பயிற்சி நூல்களும் தட்டை அடைக்கும். அவற்றுக்கு நடுவே நல்ல புத்தகம் குழந்தையின் கண்ணில் படாது.

ஒரு பெற்றோர், குறிப்பிட்ட புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னால்?

அவர் சொல்வதை முழுதாகக் கேளுங்கள், அங்கேயே வாதிட வேண்டாம். புத்தகம் முழுவதையும் அவர் படித்தாரா, எந்தப் பகுதி மனத்தை உறுத்துகிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தம் பிள்ளை எதைப் படிக்க வேண்டும் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. மற்றப் பிள்ளைகள் அனைவருக்குமாக அதைத் தீர்மானிக்க ஒருவர் போதாது. யுனெஸ்கோவும் நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான இஃப்லாவும் 1999-இல் வெளியிட்ட பள்ளி நூலகப் பிரகடனம், கருத்தியல், அரசியல், சமயத் தணிக்கைக்கும் வணிக நெருக்கடிக்கும் நூலகச் சேவை உட்படக் கூடாது என்கிறது. எந்த அடிப்படையில் புத்தகம் தேர்கிறோம் என்று பள்ளியில் எழுத்துவடிவில் ஒரு பக்கக் கொள்கை முன்பே இருந்தால், தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் சேர்ந்து நிதானமாக முடிவெடுக்க முடியும். அதுவரை புத்தகம் தட்டிலேயே இருக்கட்டும்.

ஒரு குழந்தை என்ன எடுத்தது என்பதை மற்றவரிடம் சொல்லலாமா?

சக மாணவரிடம் கூடாது. பெற்றோரைப் பிரிந்திருப்பது, இறப்பு, உடல் மாற்றம் பற்றிய புத்தகங்களைக் குழந்தைகள் சில நேரம் தயக்கத்தோடு எடுக்கிறார்கள். அவற்றைத் தானே பதிவு செய்துகொள்ள ஒரு வழி இருந்தால் நல்லது. இல்லையென்றால் பெயரை உரக்க வாசிக்காமல் முத்திரையிட்டுக் கொடுங்கள். குழந்தைக்கு ஆபத்து இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால் மட்டும், பள்ளியில் குழந்தைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் உடனே சொல்ல வேண்டும்.

புதிதாகச் சேர்ந்தவர் முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்?

அலமாரிகளை நகர்த்த வேண்டாம். குழந்தைகள் பழகிய வழிகளை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தரையில் உட்கார்ந்து, ஐந்து வயதுக் குழந்தையின் கண் மட்டத்திலிருந்து அறையைப் பாருங்கள். எந்த அறிவிப்பு தெரியவில்லை, எந்தத் தட்டு எட்டாது, எந்த மேசையின் கூர்மூலை நெற்றிக்கு நேரே இருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கும். திருப்பித் தரப்பட்ட புத்தகங்களை நீங்களே அடுக்குங்கள். எந்தெந்தப் புத்தகங்கள் ஓயாமல் போய்வருகின்றன என்பது இரண்டு மூன்று நாளில் கைக்குத் தெரிந்துவிடும். மூத்த வகுப்பிலிருந்து உதவிக்கு வர விரும்பும் பிள்ளைகளின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாகப் படிப்பவர்களை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். முத்திரையிடும் பொறுப்பு கிடைத்ததற்காகவே நாள்தோறும் வந்து, முத்திரையிடும் புத்தகத்தைத் திறந்து பார்க்கத் தொடங்கும் பிள்ளைகள் உண்டு. இருப்புச் சரிபார்ப்பு, புதிய லேபிள்கள், தட்டுகளை இடம் மாற்றுவது ஆகிய பெரிய வேலைகளை அடுத்த விடுமுறைக்குத் தள்ளிவைத்து, இரவல் கொடுப்பதை முதல் நாளிலிருந்தே தொடங்கிவிடுங்கள்.